கைக்கடக்கமான தண்ணிக்குழாய்: கண்ணாடியா, அக்ரிலிக்கா, சிரட்டையா?

புகையைத் தண்ணிக்குள்ளால் இழுக்கிற பெரிய ஷீஷாவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு எங்கள் திருகோணமலையில் குறைவில்லை. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு வந்த கிண்ணியா, மூதூர் ஆட்களைக் கேட்டால் கரியை எப்படி அடுக்குவது, எந்தப் பழவாசனை தொண்டைக்கு இதம் என்று விடிய விடியச் சொல்வார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே இழுக்கக்கூடிய சின்னத் தண்ணிக்குழாயைப் பற்றி. உப்புவெளியில் வெள்ளைக்காரர்களின் கையில் கண்டுவிட்டு "இது எங்கே வாங்கலாம், எது நல்லது" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

புகைக்கிற பழக்கமே இல்லாதவர் இதை வாங்கித்தான் பழக வேண்டும் என்றில்லை, பேசாமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே புகைக்கிறவர், வாங்கத்தான் போகிறேன் என்கிறவர், அவருக்குத்தான் இது.

என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று கண்ணாடி. ஒரு சாண் உயரம், குண்டான அடி, மேலே நேராக வாய் வைக்கும் கழுத்து, பக்கத்தில் சரிவாக இறங்கும் உள்குழாய், அதன் நுனியில் பொடியாக்கிய புகையிலை வைக்கும் சின்னக் கிண்ணம். கரி தேவையில்லை, நெருப்புக்குச்சியால் பற்றவைத்துவிட்டு இழுக்க வேண்டியதுதான். கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது. இரண்டாவது அக்ரிலிக். பெரிய தேத்தண்ணிக் கோப்பை அளவு உடம்பு, திருகிப் பூட்டும் மூடி, முழங்கை நீளத்துக்கு ஒரு சிலிக்கன் குழாய், மேலே கரி வைக்க ஒரு தட்டு. இதற்குப் பாகில் ஊறிய இனிப்பு ஷீஷாப் புகையிலை வேண்டும். கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் கொண்டுவந்து தந்தான். மூன்றாவது சிரட்டை. முழுத் தேங்காயைக் குடைந்து மினுக்கி, மேலே மரத்தண்டும் களிமண் கிண்ணமும் வைத்து, பக்கத்தில் இழுக்க ஒரு துளை போட்டது. கடற்கரைப் பக்கம் சிரட்டைச் சாமான் செய்து விற்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தேன்.

மூன்றையும் பாவித்துப் பார்த்ததில் என் முடிவு இது: வாங்குவதென்றால் உள்குழாயைக் கழற்றக்கூடிய கண்ணாடியை வாங்குங்கள். அக்ரிலிக் பயணத்துக்குப் பரவாயில்லை. சிரட்டை பார்க்க அழகு, பாவிக்கப் பொறுமை வேண்டும். காரணம் விலையோ தோற்றமோ இல்லை. சின்னக் குழாயில் எல்லாம் தண்ணியில்தான் தங்கியிருக்கிறது: எவ்வளவு தண்ணி, அது எங்கே நிற்கிறது, பிறகு அதை எப்படிக் கழுவி எடுப்பது.

இது வேலை செய்கிற விதம் லேசானது, ஆனால் அது விளங்கினால் கடையில் இருக்கும் பாதிச் சாமானைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம். நீங்கள் இழுக்கும்போது தண்ணிக்கு மேலே உள்ள காற்றின் அமுக்கம் குறைகிறது. வெளியே இருக்கிற காற்று கிண்ணத்துக்குள்ளால் புகையையும் தள்ளிக்கொண்டு உள்குழாயில் இறங்கி, தண்ணிக்குள் குமிழியாகி மேலே வருகிறது. உள்குழாயின் நுனி எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறதோ அவ்வளவு தண்ணியையும் உங்கள் இழுப்புத் தள்ள வேண்டும். பெரிய ஷீஷாவில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மூழ்கினாலும் பிரச்சினை இல்லை, அங்கே உடம்பு பெரிது, மேலே காற்றுக்கு இடம் இருக்கிறது. சின்னதில் ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் கன்னம் நோகும், அதைவிட மோசம், குமிழி உடைந்து தண்ணி கழுத்து வழியே நேராக வாய்க்குள் ஏறும். புகை கரைந்த அந்தத் தண்ணியின் கசப்பு ஒருமுறை நாக்கில் பட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது. குறைவாக ஊற்றினாலும் சரிவராது, குழாயைச் சற்றுச் சரித்தவுடன் நுனி தண்ணிக்கு வெளியே வந்து, வெறும் சூட்டுப் புகை தொண்டையில் அடிக்கும். கையில் பிடிக்கிற சாமான் எப்படியும் சரியும், ஒருவர் கதிரையில் சாய்ந்திருந்து இழுப்பார், இன்னொருவர் நின்றுகொண்டு. அதனால்தான் அடி குண்டாக இருக்க வேண்டும் என்கிறேன். குண்டான அடியில் தண்ணி பரந்து நிற்கும், சரித்தாலும் மட்டம் அவ்வளவு மாறாது. நேரான ஒடுங்கிய உருளை மாதிரியானவை அலுமாரியில் வைக்க நல்லாயிருக்கும், கையில் வைத்திருக்க ஆகாது.

கடையில் வாங்கும்போது வெட்கப்படாமல் ஒரு போத்தல் தண்ணி கேளுங்கள். ஊற்றி, நெருப்பில்லாமல் இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். குமிழி வரும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். பிறகு கிண்ணத்தின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு இழுங்கள், காற்று ஒரு சொட்டும் வரக் கூடாது. வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அனேகமாக றப்பர் வொஷர் இருக்கும் இடத்தில். கண்ணாடிக் குழாயில் விரலால் திறந்து மூடுகிற ஒரு சின்னத் துளை சிலவற்றுக்கு இருக்கும், அப்படியிருந்தால் அதையும் அடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ரவுனில் ஒரு பான்சிக் கடையில் இப்படிச் சோதித்தபோது மூட்டில் காற்று போவதைக் காட்டினேன், "ரேப் சுத்தினால் சரியாயிடும் தம்பி" என்றார் முதலாளி. புதுச் சாமானுக்கு ஏன் ரேப் சுத்த வேண்டும்? வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். நல்லவை பொரோசிலிக்கேற்றுக் கண்ணாடியில் வரும், பாடசாலை ஆய்வுகூடத்துப் பரிசோதனைக் குழாய்களுக்குப் பாவிக்கும் அதே வகை. சாதாரணப் போத்தல் கண்ணாடி சூட்டுக்கு விரிகிற அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும், அதனால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஐஸ் தண்ணி என்றிருந்தாலும் லேசில் வெடிக்காது. விற்கிறவர்கள் எல்லாவற்றையும் பொரோசிலிக்கேற்று என்றுதான் சொல்வார்கள். கையில் எடுத்து, சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருக்கிறதா, குழாய் உடம்போடு சேரும் இடத்தில் நீர்க்குமிழியோ மயிர்க்கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். உடைவது அந்த மூட்டில்தான். உள்குழாயை உடம்போடு ஒட்டவைத்துச் செய்த ஒற்றைத் துண்டுக் குழாய்கள் விலை குறைவு, வாங்காதீர்கள். உள்ளே கறுப்புப் படிந்ததும் அதை எடுக்க வழியே இல்லை. கழற்றக்கூடியதில் மூட்டு 14 மில்லிமீற்றர் அல்லது 18 மில்லிமீற்றர் என்று ஒரு பொது அளவில் வரும். இந்த அளவைத் தெரிந்து வைத்திருந்தால் கிண்ணம் உடைந்தால் கிண்ணம் மட்டும் வாங்கலாம்.

கண்ணாடியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, உள்ளே நடப்பது தெரிவது. முதல் இழுப்பில் உள்குழாயின் நுனியில் வெட்டியிருக்கும் கீறல்கள் வழியாகச் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் புறப்பட்டு, மேலே வந்து உடைந்து, வெள்ளைப் புகை தண்ணிக்கு மேலே ஒரு விரல் தடிப்பில் படுத்துக் கிடக்கும், பிறகு கழுத்துக்கு ஏறும். தண்ணி தெளிவாக இருக்கும்போது அது பார்க்க நல்லாயிருக்கும். அரை மணித்தியாலத்தில் அதே தண்ணி பழுப்பாகிவிடும், அதையும் கண்ணாடி ஒளிக்காமல் காட்டும். மற்ற இரண்டிலும் இது தெரியாது, அல்லது மங்கலாகத் தெரியும், அதனால் மாற்றவும் பஞ்சிப்படுவோம்.

குறை இல்லாமல் இல்லை. சின்ன உடம்பில் புகை போகிற தூரம் குறைவு, ஆற நேரம் இல்லை, சூடாகத்தான் வரும். ஐஸ் கட்டியை உடைத்து இரண்டு மூன்று துண்டு போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனால் ஐஸ் போட்டவுடன் மட்டம் ஏறும் என்பதை நினைத்து முதலிலேயே தண்ணியைக் குறைத்து ஊற்ற வேண்டும். அப்புறம், பார்சலில் வருவதென்றால் கிண்ணம் வேறாக, உடம்பு வேறாகச் சுற்றச் சொல்லுங்கள். எனக்கு முதலில் வந்ததன் கழுத்து பெட்டிக்குள்ளேயே உடைந்திருந்தது, மாற்றித் தரும்வரை அந்த ஒன்லைன் கடையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வைத்ததால்தான் வேலை நடந்தது.

அக்ரிலிக் குழாயின் நல்ல பக்கம் இரண்டே இரண்டு: விழுந்தால் உடையாது, மூடியைப் பூட்டிவிட்டால் பைக்குள் ஒழுகாது. நிலாவெளிக்கு ஒரு நாள் பயணம் போகிறவருக்கு அது போதும். ஆனால் அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகாது. பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் போட்டுக் கழுவினால் சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள் மெல்லிய வெடிப்புகள் வரும், பிறகு அந்த வெடிப்புக்குள் கறை புகுந்துவிடும். கொதிதண்ணியும் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். ஆக, கறையை எடுக்கிற இரண்டு வழியும் அடைபட்டாயிற்று, இளஞ்சூட்டுத் தண்ணியும் பாத்திரம் கழுவும் திரவமும்தான் மிச்சம். மச்சான் தந்ததில் மேலே கரித்தட்டும் தண்டும் உலோகம், பளபளவென்று பூச்சு. எங்கள் கடற்காற்றுக்கு அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? திருகுக்குக் கிட்ட ஏற்கெனவே கொப்பளித்துத் துரு எட்டிப் பார்க்கிறது. துருப்பிடிக்காத உருக்கு என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம், காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், துருப்பிடிக்காத உருக்கிலும் சில வகையில் காந்தம் ஒட்டும். சிலிக்கன் குழாய் மட்டும் அருமை. சூடு தாங்கும், கழுவலாம், மணம் பிடிக்காது. பழைய மாதிரித் தோலும் கம்பியும் சுற்றிய குழாய்களைத் தயவுசெய்து வாங்க வேண்டாம், அதற்குள் தண்ணி போனால் காயாது, உள்ளே என்ன வளர்கிறது என்றும் தெரியாது.

சிரட்டையைப் பற்றி நான் கொஞ்சம் பக்கச்சார்பாகத்தான் எழுதுவேன். இந்தியாவில் பாமர சனம் பாவித்த ஹூக்கா தேங்காய் ஹூக்காதான். செம்பும் வெள்ளியுமாய் இருந்ததெல்லாம் நவாபு வீட்டுச் சாமான். கையில் எடுத்தால் நல்ல இலகு, உள்ளங்கைக்குள் சரியாகக் குந்தும், சூடேறாது. குமிழிச் சத்தம் கண்ணாடியில் வருவதை விட அடக்கமாக, தடித்த குரலில் வரும். செய்து தந்தவர் தண்டு இறங்கும் துளையைச் சுற்றித் தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தார், காற்று போகவேயில்லை. ஆனால் சிரட்டை தண்ணியைக் குடிக்கும். புகை மணம் அதற்குள் ஊறிவிட்டால் என்ன செய்தாலும் போகாது. மாரி மழை தொடங்கினால் உள்ளே காய வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும், குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே பூஞ்சணம் கண்டால் கழுவிப் பாவிக்க நினைக்காமல் தூக்கி எறியுங்கள். வெயில் காலத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் கவிழ்த்து வைத்துக் காயவிட்டுப் பாவிக்கிற பொறுமை இருந்தால் சரி. வார்னிஷ் பூசிய சுற்றுலாச் சாமானாக விற்பதை வாங்கிப் புகைக்கப் பாவிக்க வேண்டாம், அது அலுமாரிக்குச் செய்தது.

பக்கத்து வீட்டு ஐயா யாழ்ப்பாணச் சுருட்டைத் தவிர வேறெதையும் மதிக்காத ஆள். நான் விறாந்தையில் கண்ணாடியோடு இருப்பதை வேலிக்கு மேலால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் புகைக்கிறீரோ, வாய் கொப்புளிக்கிறீரோ?" என்றார். பிறகு தன்னிடம் இருந்த கோடாப் போட்டுப் பதப்படுத்திய புகையிலையைக் கிள்ளித் தந்து "இதைப் போட்டுப் பாரும்" என்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை: யாழ்ப்பாணப் புகையிலை வெற்றிலையோடு போடவும் சுருட்டுச் சுற்றவும் வளர்த்தது, காரம் கூடியது. சுருட்டுக் குடிக்கிறவர் புகையை வாயோடு வைத்து விட்டுவிடுவார். தண்ணிக்குழாயில் ஒரே இழுப்பில் அத்தனையும் நெஞ்சுக்குள் இறங்கும். தலை சுற்றும், வாந்தி வரும், கை குளிரும், இதெல்லாம் நிக்கொட்டின் கூடிவிட்டதற்கான அடையாளம். பாகில் ஊறிய இனிப்புப் புகையிலையைக் கண்ணாடிக் குழாயின் கிண்ணத்தில் நேரடியாக வைத்துப் பற்றவைக்கவும் கூடாது, அது எரியாது, கருகிப் பாகு உள்குழாயில் இறங்கி அடைத்துவிடும். அந்தப் புகையிலைக்கு நேரடி நெருப்பு வேண்டாம், மேலிருந்து கரியின் சூடுதான் வேண்டும். குழாயைத் தெரிவு செய்யும்போதே எதைப் புகைப்பதென்பதையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுங்கள், இரண்டுக்கும் பொதுவான குழாய் என்று விற்பது இரண்டுக்கும் உதவாது.

கரிக்கு வருவோம், அக்ரிலிக் பாவிக்கிறவருக்கு இதுதான் பெரிய தலையிடி. கடையில் இரண்டு வகை. நெருப்புக்குச்சி காட்டியவுடன் பொரிந்து பற்றுகிற வட்டக் கரி ஒன்று, அதில் பற்றவைக்க இரசாயனம் கலந்திருக்கும், அந்த மணம் முதல் பத்து நிமிடம் புகையோடு வரும். மற்றது சிரட்டைக்கரியை அரைத்து அமுக்கிய கட்டி, காஸ் அடுப்பில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பத்து நிமிடமாவது சூடாக்க வேண்டும், ஆனால் மணமில்லை, நின்று எரியும். சிரட்டைக்கரியை ஏற்றுமதி செய்கிற நாடு இது, அந்தக் கட்டி இங்கே கிடைக்காமல் வெளிநாட்டுப் பெட்டியில் சுற்றிவந்து அதே விலைக்கு மேல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பது வேறு கதை. இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற வீட்டுச் சிரட்டைக்கரியைப் போட்டாலென்ன என்று கேட்பார்கள். பொறி பறக்கும், பாதி எரிந்த துண்டு புகையும், வேண்டாம். எந்தக் கரியாக இருந்தாலும் கறுப்பு முழுவதும் போய் மேலே சாம்பல் பூத்த பிறகுதான் தட்டில் வையுங்கள். கட்டி பொதுவாகச் சதுரமாக 25 மில்லிமீற்றர் அளவில் வரும், அது பெரிய ஷீஷாவுக்குச் செய்தது, இந்தச் சின்னத் தட்டுக்குப் பாதி போதும். முழுதாக வைத்தால் புகையிலை கருகி, பாகு கசந்து, அலுமினியப் பேப்பர் எரிந்த மாதிரி ஒரு மணம் வரும்.

காற்றையும் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கிற நாட்களில் பின்னேரம் முற்றத்தில் கரித்தட்டு வைத்தீர்களென்றால் காற்று ஊதி ஊதிக் கரி பாதி நேரத்தில் முடியும், சாம்பல் சாறத்தில், பொறி பாயில். மூடி போட்ட கரித்தட்டு அந்த நாளைக்கு அவசியம். கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: முடிந்த தணலை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். மண் மூடினால் அணைந்துவிட்டது என்று தோன்றும், உள்ளே கனகனவென்று வெகுநேரம் இருக்கும், பின்னால் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகள்தான் மிதிக்கும். ஒரு பேணியில் தண்ணி வைத்து அதற்குள் போட்டு, ஆறியபிறகு குப்பையில் போடுங்கள். எஞ்சிய புகையிலையும் அப்படியே, ரவுனுக்குள் திரிகிற மான்கள் குப்பைப் பையைக் கிளறித் தின்னுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இறுக்கிக் கட்டிப் போடுங்கள்.

இப்போது விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வசனம்: "தண்ணி எல்லாத்தையும் வடிச்சிடும், சிகரெட்டை விட இது ஒண்ணும் செய்யாது." இதைச் சொல்லித்தான் எனக்கும் விற்கப் பார்த்தார்கள். அக்பரின் அரசவையில் இருந்த ஹகீம் அபுல் ஃபத் கிலானி என்ற வைத்தியர்தான் புகையைத் தண்ணிக்குள்ளால் விடும் யோசனையைச் சொன்னவர் என்று ஒரு வழக்கு உண்டு, வைத்தியர் சொன்னதென்பதாலோ என்னவோ நானூறு வருடமாகியும் அந்த நம்பிக்கை விட்டுப் போகவில்லை. தண்ணி புகையை ஆற்றும், ஈரமாக்கும், அதனால் தொண்டையில் குத்தாது. நிக்கொட்டினில் ஒரு பங்கைப் பிடிக்கும், அப்படிக் குறைந்ததை ஈடுகட்ட உடம்பு இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் இழுக்கவைக்கும். காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு தண்ணியில் கரைவதே மிகக் குறைவு, குமிழியோடு அப்படியே மேலே வரும். கரியில் வைப்பதென்றால் அந்த வாயுவில் பெரும்பங்கு கரியிலிருந்தே வருகிறது, ஆகவே "மூலிகைதான், நிக்கொட்டின் இல்லை" என்று விற்கிற பாகை வைத்தாலும் அது வரும், தாரும் வரும். ஒருமுறை உட்கார்ந்து ஷீஷா இழுக்கிறவர் உள்ளே எடுக்கிற புகையின் அளவு நூறு சிகரெட் அல்லது அதற்கும் மேல் குடிக்கிறவர் எடுப்பதற்குச் சமமாகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இலேயே எழுதிவிட்டது. அது பெரிய ஷீஷாவின் கணக்கு. சின்னக் குழாயில் கிண்ணம் சின்னது, சீக்கிரம் முடிகிறது, அதனால் கொஞ்சமாகத்தான் போகும் என்று நினைக்கலாம். திரும்பத் திரும்ப நிரப்பினால்? நிரப்பத்தான் செய்வோம், பக்கத்திலேயே இருக்கிறதே.

மாரி காலத்தில் இது இன்னும் பொல்லாதது. வெளியே மழை, நுளம்பு, சன்னலைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் நாலு பேர் சுற்றியிருந்து கரி வைத்து இழுப்பார்கள். தலையிடிக்கும், கிறுகிறுக்கும், ஒருத்தன் எழும்பும்போது கால் தடுமாறும். அதை "கிக்" என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள், காபனோரொட்சைட்டு ஏறினாலும் இதே அறிகுறிதான். அப்படி யாருக்காவது வந்தால் உடனே வெளியே காற்றுக்குக் கூட்டிப்போங்கள், தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி. கரி வைக்கிற குழாய் பூட்டிய அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

கழுவுவது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன் என்றும் சொல்லலாம், ஏனென்றால் சின்னக் குழாய் வாங்கிய முக்கால்வாசிப் பேர் அதை மூலையில் போடுவது இந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டுத்தான். தண்ணியை ஒவ்வொரு முறையும் ஊற்றிவிட வேண்டும், "நாளைக்கும் இருக்கட்டும்" கிடையாது. ஒரு இரவு நின்ற தண்ணியில் வழுவழுவென்று ஒரு படை கட்டும், விரலால் தடவினால் தெரியும். கண்ணாடியென்றால் கல்லுப்பு ஒரு கை, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம், இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். ஸ்பிரிட் கறையைக் கரைக்கும், உப்புக் கல் உரசும். பிறகு தண்ணியால் பல தடவை அலசி, மணம் முழுவதும் போய்க் காய்ந்த பிறகுதான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், ஸ்பிரிட் ஆவி பற்றும். உள்குழாய்க்குள் விட்டு இழுக்கக் கடைத் தூரிகை தேவையில்லை, இரண்டு ஈர்க்கில் பஞ்சைச் சுற்றினால் போதும். களிமண் கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள், உறிஞ்சிவிடும், கொதிதண்ணியில் போட்டு எடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் உவர், காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படை விடும். ஸ்பிரிட்டுக்கு அது அசையாது. தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்தால் போய்விடும், பழப்புளிக் கரைசலும் வேலை செய்யும், ஆனால் அது வேறொரு கறையை விட்டுப் போகும். குடிக்கிற போத்தல் தண்ணியையே ஊற்றினால் இந்தக் கரைச்சல் இல்லை.

வாய்ப்பிடியை ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். காசநோய் இப்படித் தொற்றலாம், வாயில் வருகிற கொப்புளமும்தான். சிலிக்கன் குழாய் பூட்டியதில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நுனி செருகிக்கொள்ளலாம், நேராக வாய் வைக்கும் கண்ணாடியில் அந்த வசதி இல்லை, எனவே என் கண்ணாடி எனக்கு மட்டும். கேட்கிற நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கவும் கூடாது. ஹோட்டல் வரவேற்பறை, சாப்பாட்டுக் கடை உட்பக்கம் எல்லாம் பொதுவாக அதில் அடங்கும். தங்கும் விடுதியில் கேட்டுவிட்டுத்தான் எடுங்கள். கோணேசர் கோயில் பக்கம் கோட்டைக்குள் எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் கொண்டுபோனதைக் கண்டதால் சொல்கிறேன். கண்ணாடிக் குழாயைக் கண்டால் யாருக்கும் முதலில் நினைவு வருவது கஞ்சாதான், அது இங்கே சட்டவிரோதம், அதற்காக வாங்குகிறவர் இந்த விமர்சனத்தில் எதையும் தேட வேண்டாம். புகையிலைக்கே பாவித்தாலும் பயணப் பையில் கழுவாமல் போட்டுக்கொண்டு திரிந்து வழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் போடுங்கள்.

விலை: கண்ணாடிக்கு டெலிவரியோடு 6,500 ரூபா போனது, சிரட்டைக்குச் செய்கூலி சேர்த்து 2,500. அக்ரிலிக் அன்பளிப்பு, ஆனால் அதே மாதிரி ஒன்றைக் கொழும்பில் 9,000 சொன்னார்கள், அந்தக் காசுக்கு அது பெறுமதியில்லை. கண்ணாடி வாங்குகிறவர் அதே நேரத்தில் உதிரிக் கிண்ணம் ஒன்றும் றப்பர் வொஷர் இரண்டும் சேர்த்து எடுத்துவிடுங்கள், திருமலைக் கடைகளில் நான் தேடியவரை உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. வொஷருக்கு மட்டும் வீட்டுப் பைப் சாமான் விற்கிற ஹார்ட்வெயார் கடையில் கேட்டுப் பார்க்கலாம், அளவுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.